நிமிடங்களில் முடிவாகும் பிரசவ ஆபத்துகள்

நிறைமாதக் கர்ப்பிணியின் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவு கூடிவிடும் என்றாலும், மொத்தமும் சேர்த்து ஆறு லிட்டருக்கு முன்பின்தான் இருக்கும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிரசவ அறையில் ஏதாவது தவறும்போது மருத்துவர்கள் ஏன் நிமிடக் கணக்கில் பேசுகிறார்கள் என்பது புரிந்துவிடும். இந்த ஓட்டம் கட்டுப்பாடில்லாமல் வெளியே திரும்பினால், உடலில் உள்ள ரத்தம் முழுவதும் வடிய பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

உள்ளே இருக்கும் குழந்தையின் நிலை இன்னும் நெருக்கடியானது. அதற்குத் தொப்புள்கொடிதான் மூச்சு. கொடி நசுங்கினாலோ, நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பையிலிருந்து முன்கூட்டியே பிரிந்துவிட்டாலோ, அதன் உடலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். தாயின் உடலும் முன்புபோல இல்லை. மூச்சு தடைபட்டால் அவருக்கு ஆக்சிஜன் மற்றவர்களைவிட வேகமாகக் குறையும். மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை பின்னாலிருக்கும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுக்கும். தாயின் ரத்தம், குழந்தையின் ஆக்சிஜன், தாயின் மூச்சும் இதயமும் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு ஆபத்தும் இவற்றில் ஒன்றையோ பலவற்றையோ தாக்குவதுதான். எது தாக்கப்படுகிறதோ அதற்கேற்ப, கையில் இருக்கும் நேரமும் மாறும்.

பெரும்பாலான பிரசவங்களில் இதெல்லாம் நடப்பதில்லை. ஆனாலும் உலக அளவில் 2023-ம் ஆண்டில் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாளொன்றுக்கு 700-க்கும் மேல். இவற்றில் மிகப் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக் கூடியவை.

தவிர்ப்பது என்றதும் பலருக்கு முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் நினைவுக்கு வரும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, 'ஹை ரிஸ்க்' என்று கோப்பில் எழுதும் சிவப்பு எழுத்து. அவை தேவைதான். ஆனால் இங்கே சொல்லப்போகும் ஆபத்துகளில் பல, எந்தச் சிவப்பு எழுத்தும் இல்லாத பெண்ணுக்கு வருபவை. அப்போது உயிரைக் காப்பது கணிப்பு அல்ல. முதல் இரண்டு நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று கை பழகிய ஒரு குழு. அந்த முதல் வேலைகளில் பாதிக்கு மேல் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. காலை மடக்குவது, கையால் தாங்குவது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று சாதாரணமாகத் தோன்றுபவைதான்.

தலை வந்தும் தோள் வராதபோது

பிரசவத்தில் கடினமான கட்டம் தலை வெளிவருவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலும் உண்மையும் அதுதான்: தலை வந்துவிட்டால் அடுத்த வலியில் உடல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆனால் சுமார் 150 நார்மல் டெலிவரிகளில் ஒன்றில் தலை வந்த பிறகும் உடல் வராது. குழந்தையின் மேல்புறத் தோள், தாயின் அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் இடுப்பெலும்பின் பின்னால் மாட்டிக்கொள்ளும். வெளியே வந்த தலை, ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோல மறுபடி உள்ளே பின்வாங்கும். கன்னங்கள் தாயின் தோலோடு ஒட்டி அமுங்கியிருக்கும். ஷோல்டர் டிஸ்டோசியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

அந்த நிலையில் குழந்தையின் மார்பு பிரசவப் பாதைக்குள் இறுகியிருப்பதால் அதனால் மூச்சு விரிக்க முடியாது, கொடியும் நசுங்கியிருக்கலாம். தலைக்கும் உடலுக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிட்டால் மூளைக்குப் பாதிப்பு வருவது மிகக் குறைவு. அதற்கு மேல் போகப் போக ஆபத்து ஏறும்.

இங்கே இயல்பாக வரும் எண்ணம் இரண்டு. ஒன்று, தலையைப் பிடித்து இழுப்பது. இன்னொன்று, மேல்வயிற்றில் கையை வைத்து அழுத்தித் தள்ளுவது. இரண்டும் தவறு. தோள் எலும்பில் முட்டி நிற்கிறது. மேலிருந்து தள்ளினால் இன்னும் இறுகத்தான் செய்யும், கர்ப்பப்பை கிழியவும் வாய்ப்புண்டு. தலையை வளைத்து இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டு, குழந்தையின் கை தொங்கிப்போகலாம். அப்படிப் பாதிக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குக் கை காலப்போக்கில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது.

சரியான முதல் வேலை, உதவிக்கு ஆள் அழைத்து, தலை வந்த நேரத்தை உரக்கச் சொல்வது. முக்குவதை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு காலாகப் பிடித்து, தாயின் தொடைகளை அவர் வயிற்றோடு ஒட்டும்படி நன்றாக மேலே மடக்குவார்கள். மெக்ராபர்ட்ஸ் முறை என்பது இதுதான். பார்க்க எளிதாக இருக்கிறது, ஆனால் உள்ளே நடப்பது கணிசமானது: முதுகின் வளைவு நிமிர்ந்து, இடுப்பெலும்பு முழுவதும் மேல்நோக்கிச் சுழல்கிறது. தோளை மறித்துக்கொண்டிருந்த எலும்பு விலகுகிறது. பல சமயம் இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், ஒருவர் மேல்வயிற்றில் அல்லாமல் அடிவயிற்றில், எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துவார். குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து, தோளை மார்புப் பக்கமாக நெருக்கித் தள்ளும் விதத்தில். தோளின் அகலம் கொஞ்சம் குறைந்தால் போதும், நழுவிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் பிரசவம் பார்ப்பவர் கையை உள்ளே நுழைத்து, பின்பக்கம் இருக்கும் குழந்தையின் கையைத் தேடிப் பிடித்து, முழங்கையை மடக்கி, மார்பின் குறுக்கே கொண்டு வந்து வெளியே எடுப்பார். ஒரு கை வந்துவிட்டால் உடல் பின்னாலேயே வந்துவிடும். இல்லாவிட்டால் தோளைத் திருகாணிபோலச் சுழற்றி விடுவிப்பது உண்டு.

தாயைத் திருப்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நிற்க வைப்பதும் ஒரு வழி. அமெரிக்க மருத்துவச்சி ஐனா மே காஸ்கின் இதைப் பரப்பியதால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஆனால் அவர் இதை அறிந்துகொண்டது கவுதமாலாவின் பாரம்பரிய மருத்துவச்சிகளின் வழக்கத்திலிருந்து. பாடப்புத்தகத்துக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே யார் யாரோ கண்டுபிடித்து வைத்திருந்த உத்தி.

பெரிய குழந்தை, தாய்க்குச் சர்க்கரை நோய் ஆகியவை இந்த வாய்ப்பைக் கூட்டும். ஆனால் தோள் சிக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு கிலோவுக்கும் குறைவான எடையுடையவர்கள். எடையைப் பார்த்து எல்லோருக்கும் சிசேரியன் செய்தாலும் இது ஒழியாது. பயிற்சி என்ன சாதிக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர சவுத்மீட் மருத்துவமனை நல்ல சாட்சி. அங்கே பொம்மை வைத்து மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சேர்த்தே ஒத்திகை நடத்தத் தொடங்கினார்கள். அதற்கு முன் தோள் சிக்கிய பிரசவங்களில் 9.3 சதவீதக் குழந்தைகளுக்குக் காயம் ஏற்பட்டது. பயிற்சிக்குப் பின் அது 2.3 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்தோ புதுக் கருவியோ வரவில்லை. அதே கைகள், பழகிய கைகளாக மாறியிருந்தன.

கொடி முன்னால் இறங்கினால்

'கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது' என்ற ஸ்கேன் வாக்கியத்துக்குப் பயப்படாத குடும்பம் குறைவு. உண்மையில் அது மிகச் சாதாரணம். நான்கைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது. பெரும்பாலும் மருத்துவர் விரலால் தளர்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பயப்பட வேண்டிய கொடி வேறு. பனிக்குடம் உடைந்ததும், குழந்தையின் தலைக்கு முன்பாகவே கொடி நழுவிப் பிரசவப் பாதைக்குள் இறங்கிவிடுவதுதான் அது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று முதல் ஆறு வரை இப்படி நடக்கிறது. குழந்தை தலைகீழாக இல்லாமல் குறுக்காகவோ, பிட்டம் முன்னாலோ இருந்தால், பனிநீர் மிக அதிகமாக இருந்தால், குறைமாதமாக இருந்தால், இரட்டையில் இரண்டாவது குழந்தைக்கு, வாய்ப்பு கூடுதல். தலை இன்னும் இறங்காமல் மேலேயே இருக்கும்போது பனிக்குடத்தைச் செயற்கையாக உடைப்பதும் ஒரு காரணம்.

இப்போது ஒவ்வொரு வலிக்கும் தலை கீழே இறங்கி, கொடியை இடுப்பெலும்போடு வைத்து நசுக்கும். மானிட்டரில் குழந்தையின் இதயத் துடிப்பு திடீரென விழும். இயல்பாக அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டியது.

உள்ளே கைவிட்டுப் பார்த்த செவிலியரின் விரலில் துடிக்கும் கொடி தட்டுப்பட்டால், அந்தக் கையை அவர் வெளியே எடுக்கவே மாட்டார். இரண்டு விரலால் குழந்தையின் தலையை மேலே தாங்கிப் பிடித்தபடி, தாயின் படுக்கையிலேயே ஏறி, அப்படியே ஆபரேஷன் தியேட்டர் வரை போவார். வெட்கத்துக்கோ விளக்கத்துக்கோ அங்கே நேரமில்லை. தாயை முழங்காலும் மார்பும் படுக்கையில் படிய, பிட்டம் உயர்ந்திருக்கும்படி குப்புற வைப்பார்கள். அல்லது இடது பக்கம் ஒருக்களித்து இடுப்புக்கடியில் தலையணை வைப்பார்கள். தியேட்டர் தயாராகத் தாமதமானால் சிறுநீர்ப்பையில் குழாய் வழியாக 500 மில்லி அளவுக்குத் திரவம் ஏற்றுவதும் உண்டு. நிரம்பிய பை தலையை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். வயிற்றைத் திறக்கும் முன் அதை வடித்துவிடுவார்கள்.

வெளியே தெரியும் கொடியைத் திரும்ப உள்ளே திணிக்கக் கூடாது, அளவுக்கு மீறித் தொடவும் கூடாது. குளிர்ந்தாலும் கையாண்டாலும் அதன் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். வீட்டிலேயே பனிக்குடம் உடைந்து கொடி தென்பட்டால், அதே முழங்கால்-மார்பு நிலைக்கு வந்து, உடனே ஆம்புலன்ஸ். வண்டியில் போகும்போது இடது பக்கம் ஒருக்களித்து, இடுப்பை உயர்த்தி.

ரத்தப்போக்கு

அரிதானவற்றுக்கு நடுவே இதைச் சேர்ப்பது ஒரு வகையில் பொருத்தமில்லை, ஏனென்றால் பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு அவ்வளவு அரிதானதல்ல. கட்டுக்கடங்காமல் போவதுதான் அரிது. ஆனால் உலகில் தாய்மார்களைக் கொல்லும் காரணங்களில் இதுதான் முன்னணியில் நிற்கிறது. ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நஞ்சு விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடம் ஒரு தட்டளவு திறந்த காயமாக இருக்கும். அதில் ஏராளமான ரத்தக்குழாய்களின் வாய்கள். அவற்றை அடைப்பது கட்டுப்போடுவதோ தையலோ அல்ல, கர்ப்பப்பையின் தசையே. அதன் நார்கள் ரத்தக்குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. தசை சுருங்கும்போது ஒவ்வொரு குழாயும் இறுக்கிக் கட்டப்படுகிறது. தசை சோர்ந்து தளர்ந்துவிட்டால் எல்லா வாய்களும் திறந்தபடியே இருக்கும். ரத்தப்போக்கில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்தத் தளர்ச்சிதான். மற்றவை: பிரசவப் பாதையில் கிழிசல், நஞ்சின் துண்டு உள்ளேயே தங்குவது, ரத்தம் உறையாத கோளாறு.

நார்மல் டெலிவரிக்குப் பின் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அதிகம், 1,000 மில்லியைத் தாண்டினால் கடுமையானது என்பது நீண்டகால அளவுகோல். சிக்கல் என்னவென்றால் கண்ணால் பார்த்து அளவு சொல்வதில் அனுபவசாலிகளும் குறைத்தே சொல்வார்கள். துணியில் ஊறியது, வாளியில் விழுந்தது, தரையில் சிந்தியது என்று சிதறிக் கிடப்பதை யார் கூட்டுவது? இன்னொரு ஏமாற்று வேலையைத் தாயின் உடலே செய்யும். ஆரோக்கியமான இளம்பெண்ணின் இதயம் வேகமாகத் துடித்து, ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகும் பிபியைப் பிடித்து நிறுத்திவிடும். 'பிபி நார்மல்' என்று எழுதிவிட்டு நகர்ந்த பிறகு திடீரென்று விழும். நாடித்துடிப்பு ஏறுவதைப் பார்ப்பவர்தான் முந்திக்கொள்வார்.

இதற்கு வந்த தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளிது: பிரசவமானதும் தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும், புனல்போலத் தொங்கும், அளவுக்கோடுகள் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ரத்தம் எல்லாம் அதில் சேரும். கோட்டைப் பார்த்தால் அளவு தெரியும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான 'இ-மோட்டிவ்' ஆய்வு, இந்த விரிப்போடு இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துச் சோதித்தது. பழைய வழக்கம், ஒரு சிகிச்சை கொடுத்துக் காத்திருந்து, கேட்காவிட்டால் அடுத்தது. புதிய வழக்கம், கோடு தாண்டியதும் எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்குவது: கர்ப்பப்பையை மேலிருந்து பிசைந்து சுருங்க வைப்பது, ஆக்சிடோசின் போன்ற மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை. கடுமையான ரத்தப்போக்கும் அது தொடர்பான அறுவை சிகிச்சை, மரணம் ஆகியவையும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

டிரானெக்ஸாமிக் அமிலம் உறைந்த ரத்தம் கரைந்துபோவதைத் தடுக்கும். இதைக் கண்டறிந்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோ, அவர் கணவர் ஷோசுகே ஒகமோட்டோ, 1962-ல் வெளியிட்டார்கள். பிரசவ ரத்தப்போக்கில் இதைச் சோதிக்க வேண்டும் என்று உடாகோ விரும்பினார், அப்போது மருத்துவர்கள் யாரும் முன்வரவில்லை. 20,000 பெண்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு அதன் பலனை உறுதிசெய்தது 2017-ல். அவர் 2016-லேயே இறந்துவிட்டார். ஒரு கிராம் மருந்து, நரம்பில், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். தாமதமாகும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் பலன் குறைந்துகொண்டே வரும், மூன்று மணி நேரம் கடந்துவிட்டால் பலனே இல்லை.

மருந்துக்குக் கர்ப்பப்பை மசியாதபோது மீண்டும் கைக்குத்தான் வருகிறோம். மருத்துவர் ஒரு கையை முஷ்டியாக மடக்கிப் பிரசவப் பாதைக்குள் வைத்து, மறுகையால் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையின் பின்பக்கத்தைப் பிடித்து, இரண்டுக்கும் நடுவே அதை நசுக்கிப் பிடிப்பார். தாய்க்கு வலிக்கும், செய்பவரின் முன்கை பத்து நிமிடத்தில் கடுகடுக்கும். அடுத்த கட்டத்துக்கு ஏற்பாடு ஆகும் வரை உயிரைத் தாங்குவது அந்தப் பிடிதான். அதன் பிறகு உள்ளே பலூன் வைத்து ஊதி அழுத்துவது, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையைச் சுற்றி வார்போலத் தையல் போடுவது (கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் 1997-ல் விவரித்தது), ரத்தக்குழாயைக் கட்டுவது. எதற்கும் நிற்காவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள். அந்தக் கடைசி முடிவைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு நேரத்தை இழப்பதுதான் பல மரணங்களின் கதை.

வலிப்பு

பிபி 140/90-ஐத் தாண்டி, உறுப்புகளும் பாதிக்கப்பட்டால் அது பிரீ எக்லாம்ப்சியா. அதோடு வலிப்பும் வந்தால் எக்லாம்ப்சியா. தாங்க முடியாத தலைவலி, கண்முன் மின்னல்கள், நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் வலி ஆகியவை முன்னறிவிப்புகள். குழந்தை பிறந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதும், பிறந்து சில நாட்கள் கழித்தும் வரலாம் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு வரும் கடும் தலைவலியைத் தூக்கமின்மை என்று விட்டுவிடக் கூடாது.

வலிப்பின்போது தாயை இடது பக்கம் ஒருக்களித்து வைத்து, ஆக்சிஜன் கொடுப்பார்கள். வாயில் எதையும் திணிப்பதில்லை. மருந்து மெக்னீசியம் சல்பேட், மிக மலிவானது. மற்ற வலிப்பு மருந்துகளைவிட இதுவே சிறந்தது என்பது 1995-ல் உறுதியானது. வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் அந்த அபாயத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று சுமார் 10,000 பெண்களைச் சேர்த்த 'மேக்பை' ஆய்வு 2002-ல் காட்டியது. அளவு மிஞ்சினால் மூச்சே நிற்கும் என்பதால், செவிலியர் அடிக்கடி வந்து முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளாவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளூக்கோனேட் பக்கத்திலேயே இருக்கும். கூடவே பிபியையும் மருந்தால் இறக்குவார்கள். நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருப்பதால், நிலை சீரானதும் பிரசவத்தை முடிப்பதுதான் முழுத் தீர்வு.

மற்றவை, சுருக்கமாக

கர்ப்பப்பை கிழிவது பெரும்பாலும் முந்தைய சிசேரியன் தழும்பில். ஒரு சிசேரியனுக்குப் பின் நார்மல் டெலிவரிக்கு முயல்பவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு நடக்கிறது. முதல் அறிகுறி பல சமயம் தாயின் வலி அல்ல, குழந்தையின் இதயத் துடிப்பு சரிவதுதான். அதனால்தான் அப்படி முயல்பவர்களுக்குத் தொடர்ந்து மானிட்டர் வைக்கிறார்கள். உடனே வயிற்றைத் திறக்கும் வசதி இல்லாத இடத்தில் இந்த முயற்சியில் இறங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

நஞ்சு முன்கூட்டியே பிரிவதில் ஏமாற்றம் தருவது, ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்கலாம் என்பது. வயிறு பலகைபோல இறுகி, விடாத வலி இருந்தால், வெளியே கசிவது கொஞ்சம்தான் என்று ஆறுதல் அடையக் கூடாது.

கர்ப்பப்பை உள்வெளியாகப் புரண்டு வெளியே வருவது மிக மிக அரிது. தசை சுருங்கும் முன் கொடியைப் பிடித்து இழுப்பது ஒரு காரணம். போன ரத்தத்துக்குப் பொருந்தாத அளவுக்குத் தாய் மயங்கிச் சரிவார். வந்த வழியே கையால் உடனே உள்ளே தள்ளுவதுதான் சிகிச்சை. நஞ்சு ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காமல் சேர்த்தே தள்ள வேண்டும். நிமிடங்கள் கடந்தால் கர்ப்பப்பையின் கழுத்துப்பகுதி இறுகிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் இருண்டது

பல பத்தாயிரம் பிரசவங்களில் ஒன்றில், பேசிக்கொண்டிருந்த பெண் திடீரென்று மூச்சுத் திணறி, பிபி விழுந்து, நினைவிழப்பார். பனிக்குட நீர் தாயின் ரத்தத்தில் கலப்பதால் வரும் நிலை இது. குழந்தையின் செல்களும் முடியும் நுரையீரல் ரத்தக்குழாய்களை அடைக்கின்றன என்றுதான் 1941-ல் இதை விரிவாக விவரித்த ஸ்டைனரும் லஷ்பாவும் கருதினார்கள். அடைப்பைவிட, அந்தப் பொருள்களுக்கு எதிராகத் தாயின் உடல் காட்டும் கடுமையான எதிர்வினைதான் முக்கியம் என்பது இன்றைய கருத்து. முதலில் நுரையீரலும் இதயமும் தடுமாறும். அதைத் தாண்டிப் பிழைத்தவருக்கு அடுத்து ரத்தம் உறையும் தன்மையே போய்விடும். ஊசி குத்திய இடத்திலிருந்தும் கசியும்.

முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனையும் இல்லை, நேரடி மாற்று மருந்தும் இல்லை. செயற்கைச் சுவாசம், இதய அழுத்தம், பெருமளவு ரத்தமும் உறைவதற்கான கூறுகளும். இதயம் நின்றுவிட்டால் இதய அழுத்தம் கொடுக்கும்போதே ஒருவர் கர்ப்பப்பையை இடது பக்கமாகத் தள்ளிப் பிடிப்பார். நான்கு நிமிடத்துக்குள் இதயம் திரும்பாவிட்டால், படுத்திருக்கும் இடத்திலேயே, தியேட்டருக்குக் கொண்டுபோகாமல், சிசேரியன் செய்து ஐந்தாவது நிமிடத்தில் குழந்தையை எடுத்துவிட வேண்டும். இது குழந்தைக்காக மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. கர்ப்பப்பை காலியானால் அழுத்தம் விலகி இதயத்துக்கு ரத்தம் திரும்பும். தாயின் இதயம் மீண்டும் துடிக்க அதுவே நல்ல வாய்ப்பு.

குடும்பத்தின் பக்கம்

வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவது வேறு காட்சி. ஒரு மணி அடிக்கும், ஏழெட்டுப் பேர் ஓடிவருவார்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். 'ஆக்சிடோசின் போடுங்க' என்று ஒருவர் சொன்னால், 'ஆக்சிடோசின் போட்டாச்சு' என்று இன்னொருவர் திருப்பிச் சொல்வார். குழப்பம்போல் தோன்றும் இது ஒத்திகை பார்த்த ஒழுங்கு. குடும்பத்துக்கு விஷயத்தைச் சொல்ல ஒருவரை ஒதுக்குவதும் அந்த ஒழுங்கில் அடங்க வேண்டும். பல இடங்களில் அது மட்டும் விட்டுப்போகிறது.

முன்னரே செய்யக்கூடியவை சில உண்டு. ரத்த வகை தெரிந்திருப்பது, ரத்தசோகையைக் கர்ப்பத்திலேயே சரிசெய்வது (குறைந்த ஹீமோகுளோபினோடு பிரசவத்துக்குப் போனால் சிறு இழப்பும் பெரிதாகிவிடும்), எந்நேரமும் சிசேரியனும் ரத்தமும் கிடைக்குமா என்று கேட்டுவைப்பது. முந்தைய சிசேரியனோடு இப்போது நஞ்சு கீழே இருக்கிறது என்றால், அது தழும்புக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லலாம். அப்படியிருந்தால் பெரிய மருத்துவமனையில் நாள் குறித்துச் செய்ய வேண்டிய பிரசவம் அது.

இப்படி ஒன்றைக் கடந்து வந்தவருக்கு உடம்பு தேறினாலும் தூக்கம் தேற நாளாகும். அறையில் கூட நின்ற கணவருக்கும்தான். சில வாரம் கழித்து மருத்துவரிடம் போய், அன்று என்ன நடந்தது, எந்த வரிசையில் செய்தார்கள் என்று உட்கார்ந்து கேட்பது பலருக்கு உதவுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் வெறுமனே 'நார்மல் டெலிவரி' என்று இருந்தால் விடாமல் விவரம் எழுதி வாங்குங்கள்: தோள் சிக்கியதா, எவ்வளவு ரத்தம் போனது, எத்தனை பாட்டில் ஏற்றினார்கள், கர்ப்பப்பையில் எந்த இடத்தில் வெட்டினார்கள். தோள் சிக்கலும் ரத்தப்போக்கும் அடுத்த முறையும் வர வாய்ப்பு சராசரியைவிட அதிகம். கர்ப்பப்பை ஒருமுறை கிழிந்திருந்தால் அடுத்தது வலி வருவதற்கு முன்பே சிசேரியன்தான். அடுத்த பிரசவத்தைப் பார்க்கப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.